பச்சைக்கு நடுவில் ஒரு கறுப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே, கண்ணாடி ஊதிப் பிழைக்கிற கண்ணாடிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. எல்லாம் அவருடைய மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்ன ஒரு பேச்சால் வந்த வினை.

"நீங்க இப்பல்லாம் என்னைப் பார்த்துப் பேசுறதே இல்ல. என் காதைப் பார்த்துப் பேசுறீங்க."

"காது அழகா இருக்கு, பார்க்கிறேன். அது ஒரு குத்தமா?"

"இருபது வருஷமா இல்லாத அழகு இப்பதான் வந்துச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் தையல் மிஷின் பக்கம் போய்விட்டாள். சிரிக்கவில்லை.  அவர் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, முற்றத்தைத் தாண்டி ஆய்வுக்கூடத்துக்கு நடந்துவிட்டார்.

சமாச்சாரம் இதுதான். நாலு மாதமாக அவர் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. விரல் நுனி அளவுதான். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு முள்ளும் சேரும் இடத்தைக் காணோம். மனைவியைப் பார்த்தால் மூக்கைக் காணோம். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் மூக்கு திரும்பி வருகிறது. இருபத்தாறு வருஷமாகத் தீக்கொழுந்தின் வெள்ளை முனையை வெறித்துப் பார்த்துக் கண்ணாடி உருக்கிய மனிதருக்கு, இது எங்கிருந்து வந்தது என்று யாரும் வந்து சொல்லவா வேண்டும்? ஆனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று நாலு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மயிரிழை மாதிரி ஒரு கம்பியைக் கண்ணாடிச் சுவருக்குள் நுழைத்து, ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியாமல் ஒட்டுகிற வேலை அது. கண் மங்கினவனைக் கண்ணாடி உருக்கும் விளக்கு முன்னால் யார் உட்கார விடுவார்கள்? அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. உருகிய கண்ணாடி உதட்டு மூச்சுக்கு உப்பி வருகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுந்தார். அது போய்விடும் என்று நினைத்தாலே அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்கு ஒரே கவலைதான். கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே மின்சாரத்தை விட்டால் என்ன தெரியும்? குழாயை ஊதித் தருவது கண்ணாடிக்காரர். காற்றை உறிஞ்சுவதும் மின்சாரம் விடுவதும் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. பாதரசம் நிறைந்த ஒரு கனத்த புட்டியைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழாயிலிருந்து கொஞ்சம் காற்று வெளியே போகும். ஒரு குழாய்க்கு நானூறு தடவை. "என் கல்யாணத்துக்கு மாலை தூக்கின கை மாமா இது," என்று மச்சினன் நூறாவது தடவையில் புலம்ப ஆரம்பித்தால் நானூறு வரைக்கும் நிறுத்த மாட்டான்.

அன்றைக்கு மாட்டியிருந்தது ஒரு முழ நீளக் குழாய். ஒரு நுனியில் மின்சாரத்தின் எதிர்முனையாக ஒரு வட்டத் தகடு. மறு நுனி வெறும் கண்ணாடிக் குமிழ். மின்சாரத்தின் மற்ற முனையான நேர்முனையை வழக்கமாகப் பக்கத்தில் ஒரு கிளை வைத்து, அதற்குள் ஒதுக்கி ஒட்டுவார்கள். கிளை ஒட்டுகிற இடத்தை நேராகப் பார்த்து ஊத வேண்டும். நேராகப் பார்க்கிற இடத்தில்தானே கறுப்பு இருக்கிறது? மூன்று முறை ஊதினார், மூன்றும் விரிசல். நாலாவது முறை கிளையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று, நேர்முனையாகச் சட்டைப் பொத்தான் அளவு பிளாட்டினத் தகடு ஒன்றை ஒரு கம்பிக் காலில் செருகி, குழாயின் நட்டநடுவில் நிற்க வைத்துவிட்டார். அடிப்பக்கம் ஒட்டுவதை விரலால் தடவியே முடித்துவிடலாம். தகட்டை வெட்டும்போது கத்தரி வழுக்கி ஓரத்தில் ஒரு சில்லு போயிற்று. அந்தக் கூர் அவர் கட்டைவிரலையும் ஒரு கீறு கீறியது. பேராசிரியரிடம் "இது புது மாதிரிங்க" என்று சொல்லிவைத்தார். அவரும் நம்பிவிட்டார், பாவம்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார்கள். மனைவி தைத்த திரைதான், ஒரு ஊசி வெளிச்சம் வராது. மச்சினன் மின்சாரம் விடுகிற கம்பிச் சுருளை முடுக்கினான். அது வண்டு மாதிரி கரகரவென்று கத்தியது. வழக்கமாகக் குழாய் முழுக்க ரோஜா நிறத்தில் ஒரு வெளிச்சம் நிரம்பும். அன்றைக்கு வரவில்லை. மச்சினன் வழக்கத்தைவிட அதிகமாகக் காற்றை உறிஞ்சியிருந்தான் போல. குழாய் முழுக்க இருட்டு. ஆனால் எதிர்முனைக்கு நேர் எதிரே, அந்த வெறும் குமிழின் கண்ணாடிச் சுவர் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

பச்சைக்கு நடுவில் ஒரு கறுப்பு.

 வந்துவிட்டதா, இங்கேயும் வந்துவிட்டதா என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகத் தெரிகிற ஆளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் தன் தடித்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், குனிந்தார். "என்ன இது, நடுவுல கறுப்பா ஏதோ தெரியுது?"

"எங்க ஐயா?" என்றார் கண்ணாடிக்காரர். 

"இதோ. நடுவுல. உங்க கண்ணாடியில அழுக்கு இருக்கு. ஊதும்போது கவனிக்கிறதில்லையா? சனிக்கிழமை தபால்ல நான் கட்டுரை அனுப்பியாகணும். இதை வெச்சுக்கிட்டு என்ன எழுதுறது? வியாழக்கிழமைக்குள்ள வேற குழாய் வேணும்."

திட்டு வாங்கி இப்படிக் குளிர்ந்துபோன மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேராசிரியருக்கும் கறுப்பு தெரிகிறது! அப்படியானால் அது கண்ணில் இல்லை, குழாயில் இருக்கிறது. கண்ணாடிக்காரர் பார்வையைச் சற்று விலக்கிப் பார்த்தார். குமிழில் கறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சந்தோஷத்தில் அவருக்குப் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் அவரே பேச்சை எடுத்தார்.

"சூரியனைப் பார்த்துட்டுச் சுவரைப் பார்த்தா கொஞ்ச நேரம் ஒரு கறுப்பு நிக்குமே, அந்த மாதிரி எனக்கும் இருந்துச்சு. அதான் உன் காதைப் பார்த்தேன். குழாய் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது. வேற ஒண்ணும் இல்ல."

"நாலு மாசமாவா நிக்கும்?"

அவர் நாலு மாதம் என்று சொல்லவே இல்லை. சோற்றை மென்று விழுங்கினார். "தினமும்தானே குழாயைப் பார்க்கிறேன்," என்றார்.

அவள் தண்ணீர்க் குவளையை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அவர் எடுக்கப்போய்க் குவளையின் விளிம்பில் விரலை இடித்துக்கொண்டார்.

சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. முதல் குழாயை அறுத்தார். பிளாட்டினம் அருமையான பண்டம் என்பதால் தகட்டைப் பத்திரமாக வெளியே எடுத்துக்கொண்டு, குமிழை மட்டும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. பார்வையை நம்பாமல் நகத்தால் சுரண்டினார், உதட்டில் வைத்து உருட்டினார். ஒரு பிசிறு இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது கண்ணாடி. எதற்கும் இருக்கட்டுமென்று புதுக் குழாய்க்கு வேறு பெட்டியிலிருந்து கண்ணாடி எடுத்தார். மணலில் தேய்த்து, அமிலத்தில் கழுவி, மூன்று தண்ணீரில் அலசி, அதே தகட்டை அதே இடத்தில் நிறுத்தி ஊதி முடித்தார். இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சினன் ஏதோ விளையாட்டாகக் கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

வியாழக்கிழமை திரையை இழுத்தார்கள். சுருள் கத்தியது. பச்சை வந்தது. பச்சைக்கு நடுவில் அதே இடத்தில் அதே கறுப்பு.

பேராசிரியர் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். "கண்ணாடி வேற, அழுக்கு மட்டும் அதேவா?" என்றார். "அப்ப தப்பு கண்ணாடியில இல்ல. கையிலதான் இருக்கு. உங்களை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் இருந்தேன். என் பார்வை எப்படின்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கும் இப்படித்தான்னா நான் வேற இடத்துல குழாய் வாங்கிக்கிறேன்."

கண்ணாடிக்காரருக்குக் காது இரண்டும் சுட்டது. கண்ணில் கோளாறு என்றால் வேலை போகும். கண்ணில் இல்லை என்றால் கையில் கோளாறு, அப்போதும் வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சரி, வேலைதான் போகட்டும், கையில் கோளாறு என்ற சொல்லை எப்படிப் பொறுப்பது? இருபத்தாறு வருஷக் கை அது.

வெள்ளிக்கிழமை முற்பகல் பேராசிரியர் பாடம் எடுக்கப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் மச்சினனைப் பிடித்து இழுத்துவந்தார்.

"சுருளைப் போடு மாப்ளே."

"ஐயா இல்லாதப்பவா? பாட்டரி அமிலம் தீர்ந்தா என்னைத்தான் வறுப்பாரு."

"போடுடா. போட்டுட்டு அந்தக் கறுப்பைப் பாரு. பார்த்துட்டு என்ன தெரியுதுன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு."

"ஏன், நீங்க பார்த்தா ஆகாதா?"

"நீ சொல்லு. நான் கேட்கணும்."

மச்சினன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுருளை முடுக்கினான். பிறகு குமிழிடம் முகத்தைக் கொண்டுபோனான். "உருண்டையா இருக்கு. பொத்தான் மாதிரி. ஓரம் எல்லாம் சுத்தமா வெட்டினாப்புல இருக்கு. அழுக்குன்னா இப்படி இருக்காதே மாமா, கலைஞ்சாப்புலல்ல இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆங், மேல இந்தப் பக்கம் மட்டும் எலி கடிச்சாப்புல ஒரு சில்லு போயிருக்கு."

கண்ணாடிக்காரர் தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். கீறல் இன்னும் ஆறவில்லை. பொத்தான் அளவு உருண்டை, ஓரத்தில் ஒரு சில்லு. தகட்டை நிறுத்தும்போது சில்லுப் பக்கத்தை மேலே வைத்து நிறுத்தியதும் அவர் விரலுக்கு ஞாபகம் இருந்தது.

"அது அழுக்கு இல்ல மாப்ளே," என்றார். "நிழல். என் தகட்டோட நிழல்."

"நிழல் விழ விளக்கு எங்க இருக்கு? நடுவுல எல்லாம் இருட்டால்ல கிடக்கு?"

"அதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு எதிர்முனையில இருந்து கிளம்பி நேரா வருது. கண்ணாடியில முட்டுற இடத்துல பச்சையா எரியுது. நான் நட்டு வெச்ச தகடு அதை மறிக்குது. மறிச்ச இடம் கறுப்பா இருக்கு."

 சொல்லி முடித்ததும் கண்ணாடிக்காரர் வாசலைத் தாண்டியிருந்தார். வகுப்பறைக் கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. அத்தனை மாணவர்களுக்கு முன்னால் "ஐயா, வாங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பேராசிரியர் சுண்ணக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவியின் தையல் நூல் ஒன்றை வாங்கிவந்து குழாயின் பக்கத்தில் இழுத்துப் பிடித்தார்கள். எதிர்முனையிலிருந்து தகட்டின் ஓரம், தகட்டின் ஓரத்திலிருந்து கறுப்பின் ஓரம். நூல் பிடித்தாற்போல் என்று நாம் சும்மா சொல்கிறோம். இங்கே உண்மையிலேயே நூலைப் பிடித்துப் பார்த்ததில், மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் இருந்தன. பேராசிரியர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துவந்து கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கையில கோளாறுன்னு சொன்னேனே. மன்னிச்சுடுங்க. உங்க கை இல்லேன்னா, உங்க கண்ணு இல்லேன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. உங்க கண்ணு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! கையிலும் கோளாறு இல்லை, கண்ணிலும் இல்லை. நாலு மாதப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாயங்காலம் மனைவியிடம் போய் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு குழந்தையைப் போல அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இன்னொண்ணு பார்த்துடலாம்," என்றார் பேராசிரியர். அலமாரியைக் குடைந்து ஒரு குதிரைலாடக் காந்தத்தை எடுத்துவந்தார். "இது வெறும் வெளிச்சம்னா காந்தத்துக்கு அசையாது. அசைஞ்சா, இது வேற ஏதோ. நான் நோட்டை எடுத்துக்கிறேன். என் கண்ணை நம்ப முடியாது. உங்க மச்சினன் காந்தத்தைப் பிடிக்கட்டும். நீங்க பார்த்துச் சொல்லுங்க, நீங்க சொல்றதை அப்படியே எழுதுறேன். நாளைக்குத் தபால்ல போகப்போறது உங்க வாயில இருந்து வர்ற வார்த்தைதான்."

திரையை மறுபடி இழுத்தார்கள். ஓரமாக ஒரு சின்ன விளக்கு, பேராசிரியரின் நோட்டுக்கு மட்டும். சுருள் கத்த, பச்சை வந்தது. மச்சினன் காந்தத்தைக் குழாயின் பக்கத்தில் கொண்டுபோனான்.

நிழல் நகர்ந்தது. பச்சையோடு சேர்ந்து சில்லு போன அந்த உருண்டையும் வழுக்கிக்கொண்டு குமிழின் மேல்பக்கம் ஏறியது. மச்சினன் "அட" என்றான்.

"சொல்லுங்க," என்றார் பேராசிரியர். "என்ன ஆச்சு?"

"மேல போகுதுங்க. பச்சையும் போகுது, நிழலும் போகுது." கண்ணாடிக்காரர் குமிழைப் பார்த்தபடியே இருந்தார். நிழல் விட்டுப்போன இடத்தில், ஓரம் கலைந்து மங்கலாக இன்னொரு கறுப்பு இருந்தது. "ஐயா, எல்லாம் போகல. ஒண்ணு போயிடுச்சு. ஒண்ணு அங்கயே நிக்குது."

"நிக்குதா?" பேராசிரியரின் நாற்காலி கிறீச்சிட்டது. "காந்தத்துக்கு அசையாத ஒண்ணா? அப்ப ரெண்டு விதம் வருது. ஒண்ணு வளையுது, ஒண்ணு வளையல. இது யாருக்கும் தெரியாத விஷயமாச்சே." பேனா வேகமாக ஓடியது. அவர் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். "காந்தத்தால் ஒரு பகுதி இடம் மாறுகிறது. மற்றொரு பகுதி இடம் மாறவில்லை."

"எனக்கு ஒண்ணுதானே தெரியுது," என்று மச்சினன் மெதுவாகச் சொன்னான்.

"நீ சும்மா இரு," என்றார் பேராசிரியர். "அவர் பார்க்கிறார்."

கண்ணாடிக்காரர் பார்வையைக் குமிழிலிருந்து எதிர்முனைக்குக் கொண்டுபோனார். கறுப்பும் கூடவே வந்தது. மச்சினனின் கைக்குக் கொண்டுபோனார். காந்தத்தின் நடுவில் கறுப்பு. மறுபடி குமிழுக்கு வந்தார். அவருக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்திருந்தது.

 சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? பேராசிரியருக்கு மங்கல். மச்சினன் பேச்சை எவன் கேட்பான்? அந்த வரி நாளைக்குத் தபாலில் போகும். எங்கெங்கோ இருக்கிற பேராசிரியர்கள் எல்லாம் குழாய் ஊதி, நானூறு தடவை பாதரசம் தூக்கி, காந்தத்துக்கு அசையாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் தன்னைப் போல ஒரு கண்ணாடிக்காரன் இருப்பான். உன் கண்ணாடியில் கோளாறு, உன் கையில் கோளாறு என்று அவனைத் திட்டுவார்கள்.

பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றார். "அந்த ரெண்டாவதை எழுதாதீங்க."

"ஏன்? நீங்கதானே நிக்குதுன்னு சொன்னீங்க?"

"நிக்குதுதான். குழாயில இல்ல. என் கண்ணுல."

பேனா நின்றது. மச்சினன் காந்தத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுருளை நிறுத்தினான். 

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நாலு மாசமா."

 பேராசிரியர் நோட்டின் கடைசி வரியின் மேல் பேனாவை வைத்து நிதானமாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கீறலின் ஓசை கண்ணாடிக்காரருக்கு நன்றாகக் கேட்டது. பேராசிரியரின் முகத்தில் கோபமா வருத்தமா என்று தெரிந்தாக வேண்டும் போல் இருந்தது அவருக்கு. நிமிர்ந்து, அவருடைய காதைப் பார்த்தார்.